ஏழாம் துளையில் தங்கம்

என் அக்கா ஐந்து வருஷம் தங்கம் தேடும் கம்பெனியில் வேலை பார்த்தாள். பார்த்ததெல்லாம் கல். மூடிக்கிடக்கும் பழைய தங்கச் சுரங்கத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கம்பெனி துளை போட்டுக்கொண்டிருந்தது. துளையிலிருந்து வரும் உருளைக் கல்லை நீளவாக்கில் இரண்டாக அறுப்பாள். ஒரு பாதி பெட்டியில் பத்திரமாக இருக்கும். மறுபாதியை இடித்து, சலித்து, பொட்டலம் கட்டுவாள். அதை ஜீப்பில் லேபுக்குக் கொண்டுபோவது என் வேலை.

கல் இடிக்கும் அறைக்குள் குண்டுமணித் தங்கம்கூடப் போட்டுக்கொண்டு போகக் கூடாது; அதன் துகள் கலந்தால் லேப் கணக்கே தப்பாகிவிடும். அக்காவுக்கோ விரல் பருத்து, கல்யாண மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டும் பார்த்தாயிற்று. அறுக்க மனசு வரவில்லை. அதன்மேல் டேப் சுற்றி, கையுறை மாட்டிக்கொண்டாள். கல் டாக்டர் என்று நாங்கள் கூப்பிடும் ஜியாலஜிஸ்ட் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பழைய சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். "தங்கம் மேற்குப் பக்கமா ஓடுது, நான் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிச் சொல்லியே தெருவின் கேலிக்கு ஆளானார். நானும் சிரித்திருக்கிறேன். நான் மட்டும் என்ன யோக்கியனா?

அப்போதுதான் ஏழாம் துளையின் ரிசல்ட் வந்தது. தங்கம், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. மூட்டை கட்டவிருந்த கம்பெனி மேலும் துளை போடப்போவதாகச் சொன்னது. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, தெருமுனை சலூனுக்குப் போய்ச் சேர்ந்தார். சிரித்தவர்களெல்லாம் வந்து கை கொடுத்தார்கள். முடியும் வெட்டாமல் முகமும் மழிக்காமல் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியை விடவில்லை மனுஷன்.

அன்று சாயங்காலம் கையுறையைத் துவைத்தபோது, விரல் பக்கம் நாள்பட்ட ஒரு கிழிசலை அக்கா பார்த்தாள். டேப்பும் தேய்ந்து விட்டுப்போயிருந்தது. சல்லடைக் கம்பியில் உரசி, மோதிரத்தின் அடிப்பக்கம் புதிதாகப் பளபளத்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதக்கா," என்றேன். "நாப்பது பேர் பொழப்பு. அதவிடு, மாமா மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன்டா," என்று கிழிந்த கையுறையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

காலையில் கல் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை வீட்டுக்கு ஏற்றிவராமல் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கல் டாக்டர் பெட்டியிலிருந்த பாதியைத் தன் கையாலேயே இடித்து அனுப்பினார். பத்தாம் நாள் பதில் வந்தது. வெறும் கல்.

தெருவில் யார் வாயாலும் மாமா இதைக் கேட்கக் கூடாது என்று அக்கா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். கோபத்தை மறந்து நானும் பின்னாலேயே போனேன். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமா அவள் கையை எடுத்து மடியில் வைத்து மோதிரத்தைத் தடவினார்.

"இத வாங்கினப்போ கடைக்காரன் பித்தளையத் தலையில கட்டிட்டானோன்னு எனக்கு ஒரு சந்தேகம். இருபத்தெட்டு வருஷமா உங்கிட்ட சொல்லப் பயம்," என்றார். "லேப்லயே சொல்லிட்டாங்களா, தங்கம்தான்னு?"

"சொல்லிட்டாங்க," என்றாள் அக்கா, அழுதுகொண்டே.

"அப்போ சரி," என்றார் மாமா.