‘நே மிஸ்’ என்றாள் மதினி

திங்கட்கிழமை காலை, பெரட்டுக் களத்தில்தான் அது என் மண்டையில் பளீரென்று அடித்தது.

பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். கொட்டகலையில் ஏ.எல். உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் உயிரியல் வகுப்பு. பாடம்: நரம்புக் கலமும் நிக்கோட்டினும். எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் வழியில்தான் பெரட்டு. வேலைக்குப் போகிறவர்கள் கூடி நிற்க, யாருக்கு எந்தத் தேயிலை மலை என்று வேலை பிரிக்கும் கண்டாக்கு ஐயா கூவிக்கொண்டிருந்தார்.

“நீங்க எட்டாம் நம்பர் மலை... நீங்க புல்லு வெட்ட... ஒனக்கு இன்னைக்கு இல்ல, போ!”

நின்றுவிட்டேன். அட, ஜீன் என்பது இதுதானே!

பெரட்டில் எல்லோர் பேரும் இருப்பது போல, ஒவ்வொரு கலத்திலும் எல்லா ஜீனும் இருக்கிறது. ஆனால் கூப்பிட்டதுதான் வேலைக்குப் போகும். நிக்கோட்டின் என்ன செய்கிறது? நரம்புக் கலத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, கண்டாக்கு குரலிலேயே கூவுகிறது. யார் பேரையும் அழிப்பதில்லை. கூப்பிடுவதை மட்டும் மாற்றிவிடுகிறது. சும்மா இருக்க வேண்டிய ஜீன் ஓடி வரும். வர வேண்டியது வீட்டிலேயே நிற்கும். நாளாக நாளாகக் கலம் அந்தப் பொய்க் குரலுக்கே பழகிவிடும். பிறகு ஒருநாள் குரல் கேட்காவிட்டால்...? எரிச்சல், தலையிடி, தூக்கமின்மை.

இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்! மதினியைத் தேடினேன். என் அண்ணன் மனைவி. வயிற்றில் முதல் பிள்ளை. லேசான வேலைக்காக ஓரமாக நின்றிருந்தாள். விரல் நுனியில் சுண்ணாம்பு, கன்னத்தில் வெற்றிலைப் புடைப்பு, கையில் புகையிலைத் துண்டு.

வெற்றிலை போடுவாள் என்று தெரியும்; புகையிலையைக் கவனித்ததே இல்லை. என் உற்சாகம் அப்படியே உறைந்தது.

போன வாரம்தான் கிளினிக்கில் இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிகரட், பீடி ஏதாவது குடிப்பதுண்டா என்று மிட்வைஃப் சிங்களத்தில் கேட்டார். மதினி சிரித்துக்கொண்டே இல்லை என்றாள்: “நே மிஸ்!”

“மதினி... போயிலையா போடுறீங்க?”

“ஏன்டி, இதென்ன புதுசா? இந்தக் குளிர்ல ஒண்ண அடக்கிக்காம எப்புடி மலையில நிக்கிறது?”

“கிளினிக்ல இல்லன்னீங்களே!”

“குடிக்கிறியான்னுதானே கேட்டாங்க? நா எங்கடி குடிச்சேன்? மெல்லுறேன்!”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பொய்யே இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். கேள்விதான் வேறு யாருக்கோ உரியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“மெல்லுனாலும் ரத்தத்துலதான் கலக்கும் மதினி. அங்கேருந்து புள்ளைக்குப் போகும். அது மூளையில இப்பதான் மொதப் பெரட்டே நடக்குது. அதுக்குள்ள இது புகுந்து கத்துது.”

மெல்லுவது நின்றது.

“புள்ளைக்கு என்னாகும்?”

“எடை கொறையலாம். முன்னாடியே பொறக்கலாம். எல்லாருக்கும் ஆகும்னு இல்ல... ஒங்க புள்ளைக்கு என்னான்னு எனக்குத் தெரியாது.”

அந்தத் ‘தெரியாது’தான் அவளை உலுக்கியது. தேயிலைத் தூரில் சிவப்பாகத் துப்பினாள். வயிற்றில் கை வைத்தாள்.

“இத்தன நாளு போட்டுட்டேனேடி...”

“இப்ப நிப்பாட்டுனாலும் நல்லதுதான் மதினி.”

சொல்வது எவ்வளவு சுலபம்! மறுநாள் சாயங்காலமே, கழுவிக்கொண்டிருந்த சட்டியை என்னை நோக்கி வீசினாள். “ஒன் ஜீனும் நீயும்! போயிலைய எங்கடி ஒளிச்சு வச்ச? குடு!”

அண்ணன் என்னை முறைத்தான். வகுப்பில் படம் போட்டு விளக்கும் நரம்புக் கலம், எங்கள் அடுப்படியில் நின்று பொய்க் குரலைத் தேடிக்கொண்டிருந்தது. கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம்... இல்லை. சட்டியை எடுத்துக் கழுவினேன்.

இந்தச் சண்டையை நானும் அவளும் மட்டும் போட்டுத் தீராது. நாளைக்கு மறுபடி கிளினிக். இன்று முழுக்கச் சிங்களத்தில் ஒரே வரியை ஒத்திகை பார்க்கிறாள்: “மிஸ், மம தும்கொள கனவா.” நான் போயிலை தின்கிறேன்.

“அவங்க கேக்கலன்னா?”

“கேக்காட்டியும் சொல்லுங்க.”

“ஏசுவாங்களேடி!”

“ஏசட்டும் மதினி. விடுறதுக்கு வழியும் அவங்கதான் சொல்லணும்.”

விரலை நீட்டினாள். “சரி. ஆனா நீ வாயத் தெறக்கக் கூடாது. நானே சொல்லுவேன்.”

சொல்லட்டும். போயிலை போன வாயில் இப்போது அந்த வரிக்கு இடம் இருக்கிறது!