எரியாத சர்க்கரை

என் தம்பிக்கு ஓட வராது. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். நல்ல உயரம், அகன்ற தோள். ஆனால் பஸ்ஸைப் பிடிக்க நாலடி வேகமாக வைத்தால் தொடை கட்டைபோல இறுகிவிடும். யார் வீட்டுச் சுவரையாவது பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். கொஞ்ச நேரம் நின்றால் வலி விட்டுவிடும். பிறகு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பான். அதுதான் அவனுக்கு வினையாயிற்று. நிஜமாகவே வலிக்கிறவன் அதற்குள் எப்படி எழுந்து நடப்பான் என்று கேட்பார் அப்பா.

அப்பா கொச்சங்காடியில் ஒரு மிளகு கோடவுனில் மேற்பார்வையாளர். உடம்பு வளையட்டும் என்று பள்ளி விடுமுறைகளில் தம்பியை அங்கே கூட்டிக்கொண்டு போவார். அவன் பாதி வழியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிற்பான். சுமக்கிறவர்கள் சிரிப்பார்கள். 'மடியன்' என்று அப்பாவே அவர்கள் முன்னால் சொல்லிவிட்டார். மலையாளத்தில் சோம்பேறி என்று அர்த்தம். பள்ளியிலும் தெருவிலும் அதுவே அவன் பெயராகிவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. பக்கத்து டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார், பலனில்லை. விளையாட்டு வகுப்பு இருக்கும் நாட்களில் அம்மா குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அனுப்புவாள். அதைக் குடித்தால் கொஞ்சம் தேவலை என்று தம்பி சொல்வான். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று அப்பா அதை நிறுத்திவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தம்பி போலீஸ் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் தேறினான். அடுத்தது ஓட்டம். போகமாட்டேன் என்றான். அப்பா அன்று கோபப்படவில்லை. கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம்.

"இன்னைக்கு ஒரு நாள் நிக்காதடா. பல்லைக் கடிச்சுட்டு ஓடிடு. அப்புறம் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தம்பி நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வலியோடு கடைசிவரை ஓடினான். தேறியும்விட்டான். அப்பா மைதானத்திலேயே அவனைக் கட்டிப் பிடித்தாராம். எறணாகுளத்திலிருந்து படகில் திரும்பி வரும்போது அவனால் காலை மடக்க முடியவில்லை. சாயங்காலம் சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போனது. மறுநாள் நின்றேவிட்டது.

எறணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார்கள். இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பிழைப்பானா என்று யாரும் சொல்லவில்லை. பல நாள் கழித்துச் சிறுநீர் மெல்லப் பிரிந்தது.

தேறி உட்கார்ந்த பிறகு ஓர் இளம் டாக்டர் அவனுடைய சின்ன வயதுக் கதையெல்லாம் கேட்டார். ஒருநாள் அவன் மேல்கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னார். கை அப்படியே முறுக்கிக்கொண்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார். தொடையிலிருந்து துளி சதையும் எடுத்துச் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்து மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். நாம் உண்ணும் சோற்றின் சர்க்கரையில் ஒரு பங்கைத் தசை தனக்குள் சேர்த்து வைத்திருக்கும். திடீரென்று ஓடினால் அதை உடைத்துத்தான் எரிக்கும். உடைப்பதற்கு ஒரு நொதி வேண்டும். இவனுக்கு அது பிறவியிலேயே இல்லை. கொஞ்சம் நின்றால், ரத்தம் வேறு இடத்திலிருந்து சர்க்கரையையும் கொழுப்பையும் கொண்டுவந்து சேர்க்கும். அதை எரிக்க அவன் தசைக்குத் தெரியும். அம்மா கொடுத்த குளுக்கோஸ் உதவியதும் அதனால்தான்.

அப்பா கேட்டார்: "அப்போ அவன் நின்னதெல்லாம்?"

"நின்னதுகொண்டாணு இத்தனை வருஷம் ரட்சப்பட்டது," என்றார் டாக்டர். நின்றதால்தான் இத்தனை வருஷம் தப்பித்தான் என்று அர்த்தம்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதற்கு மருந்து கிடையாது. வேலை போயிற்று. அதன்பின் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. தெருவில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி, தம்பியின் தசையைப் பற்றிச் சொல்லுவார். நொதி, சர்க்கரை என்று தடுமாறித் தடுமாறி விளக்குவார். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் சாயாக்கடைச் சேட்டனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி அவர் கையைப் பிடித்து, போதும் அப்பா, வாங்க என்று கூட்டிவந்துவிட்டான்.

அன்று மாலை நானும் அவனும் தனியாக இருந்தோம். அப்பா மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோபமில்லை அக்கா. மத்தவங்க சொன்னதை நானும் நம்பிட்டேன், அதுதான். எல்லாருக்கும் இதே வலி இருக்கும், அவங்க தாங்கிக்கறாங்க, எனக்குத்தான் மனசில்லைன்னு நெனச்சேன்."

பிறகு தம்பி ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துகிற வேலையில் சேர்ந்தான். சில வருஷங்களில் அப்பா போய்விட்டார். கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியதும், முதுகில் தலையணை வைத்து உட்காரவைத்ததும் தம்பிதான். மன்னிப்பு என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. தம்பியும் அதை எதிர்பார்க்கவில்லை என்கிறான். எனக்குத்தான் அது இன்னும் ஆறவில்லை.