அம்மா எத்தன இட்லி

குரோம்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு ஃபேன்சி ஸ்டோர் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். பேர்தான் சென்டர். உள்ளே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர், பச்சை எழுத்து. அதற்கு ஏசி, கறுப்புத் திரைச்சீலை, ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் வேறு. தூசி போனால் மிஷின் செத்துவிடும் என்று சார் பயமுறுத்தியிருந்ததால் செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிடுவோம். கோயிலுக்குக்கூட நான் அவ்வளவு பவ்யமாகப் போனதில்லை.

தாம்பரத்தில் காலேஜ் விட்டதும் ரயிலேறி வந்து உட்காரும் மத்தியான பேட்ச் எங்களுடையது. என் கிளாஸ்மேட், பம்மல்காரன், அவனும் அதே பேட்ச். எனக்கு அங்கே மச்சான் என்று கூப்பிட இருந்தது அவன் ஒருத்தன்தான்.

வேரியபிள் என்றால் பேர் எழுதின டிபன் பாக்ஸ், அவ்வளவுதான் என்றார் சார். பேர் வெளியே, பொருள் உள்ளே. புதுசாக ஒன்றைப் போட்டால் பழசு போய்விடும். எக்ஸ், ஒய் என்று வைக்காதே, புரிகிற பேராக வை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் யார் எத்தனை இட்லி சாப்பிடுகிறார்கள், கூட்டிக் காட்டு. அதனால் எங்கள் எல்லார் புரோகிராமிலும் அப்பா, அம்மா, நான் என்ற பாக்ஸ்கள் இருந்தன. ஊருக்கெல்லாம் ஒரே 'நான்'.

ஃபிளாப்பி ஒன்று, ஃபைலும் ஒன்று. முந்தினவன் வைத்துவிட்டுப் போனதை ஏற்றி, அதன் மேலேயே எங்கள் வரிகளை அடிப்போம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர். அதே நம்பரில் அடித்தால் பழைய வரி போய்ப் புதுசு உட்காரும். நாங்கள் 10, 20, 30 என்று போவோம். பழசை முழுசாகத் துடைக்க NEW என்று அடிக்க வேண்டும், எங்களுக்கு அதற்குக்கூடச் சோம்பல். பம்மல்காரன் மட்டும் ஒழுங்காக NEW அடித்துத் துடைத்துவிட்டு, 5, 15, 25 என்று எழுதுவான். ஏன்டா என்று கேட்டால், "கேப்புல பூர்றதுதான் மச்சான் நமக்கு ஷோக்கு" என்பான்.

அன்றைக்குக் கடைசியாக உட்கார்ந்தவன் அவன். சேவ் பண்ணிவிட்டு எழுந்தவன் என்னிடம் சொன்னான்: "எங்கம்மா எத்தினி துன்னும்னு தெர்லடா. கடசீலதான் துன்னும், நான் பாத்ததே இல்ல. வூட்ல கேட்டுகினு நாளைக்கு வந்து போட்டுடறேன்."

கீழே கேட் மூடியிருந்தது. பம்மல் பஸ்ஸுக்கு ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் போக வேண்டும். குனிந்து நுழைந்தான். தாம்பரத்திலிருந்து வந்த ரயில் போகும்வரை நின்றான். அடுத்த தண்டவாளத்தில் எதிர்ப்பக்கத்து ரயில் வந்ததைப் பார்க்கவில்லை.

சென்டரைச் சில நாள் மூடி வைத்தார்கள். திறந்ததும் முதலில் உட்கார்ந்தது நான். மூன்றாவது படியின் சுவரோரம் அவன் செருப்பு விடும் இடம். ஒருத்தரும் பேசிவைக்கவில்லை, ஆனால் எல்லோருமே அந்த இடத்தை விட்டுவிட்டுக் கழற்றியிருந்தோம்.

ஃபைலை ஏற்றினேன். என் வீட்டுக் கணக்கை அடித்தேன்: அப்பா ஐந்து, அம்மா மூன்று, நான் ஆறு. மொத்தம் பதினாலு வர வேண்டும். ரன் கொடுத்தேன்.

AMMA ETHANA IDLY?

நான் எதையும் கேட்கச் சொல்லி எழுதவில்லை. கேள்விக்குறிக்குப் பக்கத்தில் கர்சர் விட்டுவிட்டு மின்னியது. விரல் எங்கேயோ பட்டு ஏதோ எழுத்து விழுந்தது, அப்படியே என்டரும் தட்டிவிட்டேன். மிஷின், முதலிலிருந்து மறுபடி சொல் என்று இங்கிலீஷில் ஒரு வரி காட்டிவிட்டு அதையே திரும்பக் கேட்டது. ஏசியில் முதுகு வியர்த்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று என்று அடித்தேன். இருபத்தொன்று என்று வந்தது. உடனே கீழே இன்னொரு தடவை இருபத்தொன்று.

லிஸ்ட் எடுத்துப் பார்த்தால், என் பத்து, இருபதுகளுக்கு நடுவே அவன் ஐந்துகள். பதினைந்தில் அவன் அக்காவுக்கு நாலு. இருபத்தைந்தில் அந்தக் கேள்வி. முப்பதில் 'நான்' என்பதற்கு ஆறு என்று நான் எழுதியிருந்தேன், முப்பத்தைந்தில் அவன் ஒன்பது என்று எழுதியிருந்தான். மொத்தத்தைக் கூட்டுகிற வரியும் என்னுடையதற்கு அடுத்து அவனுடையது, அதற்குப் பிறகுதான் எங்கள் இரண்டு பேர் பிரின்ட் வரிகளும். பாக்ஸில் கடைசியாகப் போட்டதுதான் நிற்கும். அந்த மிஷினுக்கு 'நான்' என்றால் அவன்தான்.

சார் எட்டிப் பார்த்தார். NEW அடிக்கலையா என்று மட்டும் கேட்டார். என்னுடையதை சேவ் பண்ணாமல் எழுந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவன் அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அம்மாவை முன்னால் ஏறவிட்டு அக்கா படியிலேயே என்னை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். அன்று காலையில் அம்மா அவனைத் திட்டியிருக்கிறார், சாப்பிடாமல் போயிருக்கிறான். கோபத்தில் வேண்டுமென்றேதான் ரயிலில் விழுந்தான் என்று அம்மா நம்புகிறார், ராத்திரியில் படுப்பதே இல்லை.

"எம்புள்ள இங்க இன்னாப்பா பண்ணிகினு இருந்தான்?" என்றார் அந்த அம்மா.

அவன் ஃபைலை ஏற்றி ரன் கொடுத்தேன். பச்சையாக அந்த வரி வந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, அக்கா படித்துக் காட்டினார்.

"இத்த எப்ப எழுதுனான்?"

"அன்னிக்குத்தான் ஆன்ட்டி. கெளம்புறதுக்கு கொஞ்சம் முன்னாடி." அவன் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். வீட்டில் கேட்டுக்கொண்டு நாளைக்கு வந்து போடுகிறேன் என்றது வரைக்கும்.

"வூட்டுக்கு வரேன்னானா?"

"ஆமா ஆன்ட்டி."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. "மீந்தா ரெண்டு துன்னுவேன். எண்ணியா துன்றேன்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அந்த இரண்டைப் போடச் சொன்னார். நான் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சில்லென்ற கை.

"நீ போடாத. என்னாண்ட கேக்கறேன்னான்ல. வந்து கேக்கட்டும்."

அவர்கள் இறங்கிப் போன பிறகும் அந்தக் கேள்வி திரையில் இருந்தது. சார் ஸ்விட்சை அணைத்தார். அந்த ஃபைலில் இனிமேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று நானே எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அக்காவைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அம்மா இப்போது தூங்குகிறாராம். கோபத்தில் போனான் என்ற பேச்சே இல்லையாம். ஆனால் சாயங்காலம் ஆனால் கதவைத் தாழ் போட விடுவதில்லையாம்.

"நேத்து சட்டிய கழுவிகினே இருந்திச்சு," என்றார் அக்கா. "திடீர்னு வாசல் பக்கம் திரும்பி, ரெண்டுடா, ரெண்டு போதும்னு சொல்லிச்சு. நான் போய்ப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல."

பஸ் வந்தது, அவர் ஏறிப்போனார். நான் நேராக சென்டருக்குப் போனேன். அவன் ஃபைலை ஏற்றி ரன் கொடுத்தேன். கேட்டது. இரண்டு என்று அடித்தேன்.

அவன் அப்பா ஆறு, அக்கா நாலு, அம்மா இரண்டு, அவன் ஒன்பது. திரையில் இருபத்தொன்று.

என் கணக்கில் வந்த அதே இருபத்தொன்று. தற்செயல்தான், கூட்டிப் பார்த்தால் யாருக்கும் வரும், தெரியும். இருந்தாலும் இறங்கும்போது மூன்றாவது படியில் அவன் செருப்பு விடும் சுவரோரத்தை மிதிக்காமல் தாண்டித்தான் காலை வைத்தேன்.