சீர்த்தட்டும் பதினாறு கோரும்

உச்சிப்புளி மாலதியை ராமநாதபுரம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் குடியிருக்கிற தெருவில்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. வெளியே வந்தால்தானே தெரிவதற்கு? ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பின்னறையில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே அவளுடைய நல்ல வயது போய்விட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு கோர்ஸ் படித்து, ஸ்டுடியோ ஒன்றில் ஆல்பம் ஒட்டப் போனாள். வீடியோ வெட்ட யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். கல்யாணம், காதணி விழா, சடங்கு, புதுமனை புகுவிழா என்று எது வந்தாலும் அவள் கைபட்டால் ஒழுங்காக இருக்கும். கெட்டிமேளம் முழங்குகிற இடமும் தாலி ஏறுகிற இடமும் இம்மி பிசகாது. மண்டபம் ஊரிலுள்ள ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவர் யோகேஸ்வரன்கூட, “இவ வெட்டுனதுல ஒட்டுத் தெரியாதுப்பா” என்று வெளியில் சொல்வார். வீட்டுக்குள் சொல்ல மாட்டார்.

வெட்டி ஒட்டுவது அவளுக்குச் சிரமமே இல்லை. ஆளைத் தின்றது திருத்தம்தான்.

திருத்தம் என்றால், வீடியோவைக் கடைசியாகப் பதிவதற்கு முன் விழா வீட்டார் வந்து உட்கார்ந்து பார்ப்பது. கடலாடி, சாயல்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் நாலைந்து பேராக வருவார்கள். வாழைப்பழமும் சேவும் வாங்கி வருவார்கள், ஆகையால் சீக்கிரம் கிளம்புங்கள் என்று சொல்ல வாய் வராது. அவர்களுக்கு முக்கியம் தாலி கட்டுவது இல்லை, தாய்மாமன் சீர். தட்டுத் தூக்கி வருகிற ஒவ்வொருவர் முகமும், தட்டில் இருப்பதும் தெரிய வேண்டும். “நிப்பாட்டு, பின்னால போ, இன்னுங் கொஞ்சம்” என்பார்கள். நிறுத்தினால் மெஷின் மலைத்து நின்றுவிடும். திரையில் வட்டம் சுற்றும். அது எந்த முகத்தில் போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பேச்சு வார்த்தை இல்லாத சம்பந்தி முகத்தில் நின்றுவிட்டால் போச்சு. வட்டம் சுற்றி முடிவதற்குள் பழைய கதையெல்லாம் வந்துவிடும். “இவன எதுக்கு இவ்வளவு நேரம் காட்டுது?” என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுந்து வெளியே போக, அவரைச் சமாதானம் செய்து கூட்டி வந்து மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். காலையில் உட்கார்ந்த கூட்டம் விளக்கு வைக்கும்போது எழுந்து போகும்.

இந்த வருடம் நிலைமை இன்னும் மோசமானது. அவளுக்கு அதிகம் வேலை தருகிற ஸ்டுடியோக்காரர் தர்மராஜ் புதுக் கேமரா வாங்கினார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பதிவை மாலதியின் பழைய நாலு கோர் மெஷினால், அதாவது நாலு மூளை வைத்து வேலை பார்க்கிற கம்ப்யூட்டரால், இழுக்க முடியவில்லை. ஓடுவதும் நிற்பதுமாக, கரையேறிய திருக்கை மீன் மாதிரி துடித்தது. படத்தின் தரத்தைக் குறைத்து, எடை குறைந்த நகல் போட்டுக்கொண்டு வெட்டலாம்தான். அந்த நகலைப் போடவே பாதி நாள் போய்விடும்.

“ஆவணியில இருந்து மூணு நாள்ல கைக்கு வரணும் மாலதி. முடியலன்னா சொல்லு, மதுரைக்கு அனுப்பிர்றேன். தப்பா எடுத்துக்காத” என்றார் தர்மராஜ்.

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. பிடரியில் ஒரு வலி வந்து உட்கார்ந்து, போக மறுத்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டால் எரிகிறது, போடாவிட்டாலும் எரிகிறது. ராமநாதபுரத்து ஜவுளிக்கடையில் பில் போட ஆள் கேட்டிருந்தார்கள். புது மெஷின் வாங்கி இந்தத் தொழிலில் நிற்பதா, பேசாமல் ஜவுளிக்கடைக்குப் போவதா? கையிருப்பு ஒரு மெஷினுக்குத்தான் காணும். அது சரிப்படாமல் போனால் இன்னொன்று வாங்க வழி இல்லை, தொழிலும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹார்டு டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

ராமநாதபுரத்தில் நுஃமான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். துபாயில் சில வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். விலையைக் கூட்டிச் சொல்ல மாட்டான், பேச்சை மட்டும் கூட்டிச் சொல்வான்.

“வாங்கக்கா. நல்ல நேரத்துல வந்தீங்க. புதுசு இறங்கியிருக்கு. பதினாறு கோர்!” என்றான்.

“பதினாறும் எனக்கு வேல பாக்குமா, இல்ல நாலு பாத்து பன்னெண்டு வேடிக்க பாக்குமா?”

“பஞ்சாயத்து வேலன்னு நெனச்சீங்களா? பதினாறும் பாக்கும். எல்லாம் ஒரே பலம். கீழக்கரையில வீட்டு வரைபடம் போடுற ஒருத்தருக்குக் கட்டி வச்சிருக்கேன், நாளைக்குத்தான் எடுக்க வாரார். ஓட்டியே பாத்துக்கங்க.”

“இதுக்குப் போட்டி எது?”

நுஃமான் கல்லா மேசையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் காட்டினான். “இது வேற கம்பெனி. பதினாலு கோர். ஆனா அதுல ஆறு பெருசு, எட்டு சிறுசு. நம்ம வீட்டு விசேசம் மாதிரிதான், ஆறு பேரு பந்தல் நடுவாங்க, எட்டு வாண்டு தண்ணி ஊத்தும். விலை பதினாறு கோர்ல பாதியவிடக் கொஞ்சம் கூட.”

“போன வருசம் வந்த எட்டு கோரு?”

“அது இன்னும் மலிவு. ஆனா உங்க வேலைக்கு ரெண்டு வருசத்துல மறுபடி இங்கன வந்து நிப்பீங்க.”

எட்டு கோரை அத்தோடு தள்ளினாள். மற்ற இரண்டிலும், கடலாடிக் காதணி விழா வீடியோ ஒன்றை ஓட்டினாள். கூத்தையா என்கிறவர் வீட்டு விழா, தர்மராஜின் புதுக் கேமராவில் எடுத்தது. பத்து நாளாகத் திருத்தம் முடியாமல் கிடந்தது. எடிட் செய்கிறவர்கள் எல்லோரும் பார்க்கிற பார்வைதான் அவளும் பார்த்தாள். முழு வீடியோவைக் கடைசியாகப் பதிய, அதாவது ரெண்டர் ஆக, எவ்வளவு நேரம்? ஸ்டுடியோக்காரர்கள் போன் எடுத்தாலே கேட்பது அதைத்தானே: “ரெண்டர் முடிஞ்சுதா?” பதினாறு கோர் பாய்ந்து முடித்தது. பதினாலு கோர் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது.

“பாத்தீங்களா? காசுக்கேத்த தோசை” என்றான் நுஃமான். “ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். பதினாறு நல்லா சூடாகும். உங்க ஆஸ்பெஸ்டாஸ் அறையில பெரிய கூலர் போட்டே ஆகணும். அதுக்கேத்த மதர்போர்டும் வேற விலை.”

மாலதி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். எல்லாம் சேர்த்தால் கையிருப்பைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போகும். ஆனாலும் மூன்று நாள் கெடு கண்முன் நின்றது. சரி, இதையே போடு என்று சொல்லப் போகும்போது போன் அடித்தது. கூத்தையா மனைவி உலகம்மாள்.

“ஏத்தா மாலதி, எங்கன இருக்க? உன் வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கோம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம்.”

“நானே ராமநாதபுரத்துலதான்க்கா இருக்கேன். கம்ப்யூட்டர் கடையில. நாளைக்கு...”

“அப்ப நல்லதாப் போச்சு. கடை பேரச் சொல்லு.”

சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கூத்தையாவும் உலகம்மாளும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்குள் வந்தார்கள்.

“ஏ.சி. போட்ட கடை! உன் அறையில வெந்து செத்தோம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் கூத்தையா.

நுஃமான் மாலதியைப் பார்த்தான். “எங்க கடையிலயா பஞ்சாயத்து?” என்று மெல்லக் கேட்டான்.

“கொஞ்ச நேரம் தம்பி” என்றாள் அவள். அவளுக்கே அந்தக் கொஞ்ச நேரத்தில் நம்பிக்கை இல்லை.

பதினாறு கோர் மெஷினில் சீர்வரிசையை ஓட்டினாள். உலகம்மாள் முகம் கொடுக்காமல் பேசினாள். “எங்க சின்னக் கொழுந்தன் பொண்டாட்டி பட்டுச் சேலைத் தட்டுத் தூக்கி வந்தா. அவ முகத்தையே காணோம். நான்தான் வேணும்னு வெட்டச் சொன்னேன்னு ஊரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியுறா.”

“ரெண்டாவது கேமராவுல இருக்கும்க்கா, தேடுவோம்.”

படம் நகர்ந்தது. “நிப்பாட்டு” என்றாள் உலகம்மாள். மாலதி நிறுத்தினாள். வட்டம் சுற்றியது. பின்னால் போனாள், மறுபடி சுற்றியது. பழைய மெஷின் அளவுக்கு இல்லை. ஆனாலும் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. நாலைந்து ஆள் தாண்டி, கூத்தையாவின் அக்கா கணவர் முகத்தில் போய் நின்றது.

“இந்தாளு எதுக்கு வந்து நிக்கிறான்?” என்றார் கூத்தையா. “நெலத்த அளக்க வந்தப்ப நிக்கத் தெரியல, இங்கன நிக்கிறான்.”

“நீங்க ஆரம்பிக்காதீங்க” என்றாள் உலகம்மாள்.

“நான் எங்க ஆரம்பிச்சேன்? இந்தப் பொட்டியில்ல ஆரம்பிக்குது!”

மாலதிக்குப் பிடரி வலி விண்ணென்று ஏறியது. இத்தனை கோர் இருந்தும் அதே வட்டம், அதே சண்டை. அவள் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கல்லா மேசை மெஷினில் மாட்டினாள்.

“அதுல ரெண்டர் லேட்டாகும்க்கா” என்றான் நுஃமான்.

“ஆகட்டும். நான் தூங்கும்போதுதானே அது ஓடும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ரெண்டரை அவள் இத்தனை வருடமும் படுக்கப் போகும்போது போட்டுவிட்டுப் போகிறாள். விடிந்து பார்த்தால் முடிந்திருக்கும். அது ஒரு மணிக்கு முடிந்தால் என்ன, மூன்று மணிக்கு முடிந்தால் என்ன? யார் விழித்திருந்து பார்க்கப் போகிறார்கள்? அவள் விழித்திருக்கிற பொழுதையெல்லாம் தின்றது இந்த வட்டம்.

பதினாலு கோரில் படம் தடங்கல் இல்லாமல் ஓடியது. “நிப்பாட்டு” என்றால் நின்றது, பின்னால் இழுத்தால் கூடவே வந்தது. விழாவை எடுத்த மூன்று கேமராவின் பதிவையும் ஒன்றாக வைத்து ஓட்டினாள். இரண்டாவது கேமராவில், குடை பிடித்தவருக்குப் பின்னால், பட்டுச் சேலைத் தட்டோடு சின்னக் கொழுந்தன் மனைவி சிரித்தபடி வந்தாள்.

“அந்தா இருக்கா பாரு!” என்றாள் உலகம்மாள். சந்தோஷமா எரிச்சலா என்று தெரியாத குரல். “படத்துல நல்லாத்தேன் விழுந்திருக்கா.”

மாலதி அந்தத் துண்டை எடுத்து இடத்தில் பொருத்தினாள். மீதித் திருத்தமும் ஒரே மூச்சில் ஓடியது. கூத்தையா சண்டை பிடிக்க ஒரு முகமும் நிற்கவில்லை. வாழைப்பழத்தில் இரண்டை நுஃமானுக்குக் கொடுத்துவிட்டு, கடலாடி பஸ்ஸைப் பிடிக்க இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

“எப்படிப்பா?” என்று கேட்டாள் மாலதி.

நுஃமான் பதினாலு கோர் மெஷினைத் தட்டிக் காட்டினான். “உங்க கேமரா பதிவ இறுக்கி மடிச்சு வைக்குது. அதப் பிரிக்கிறதுக்குன்னே இந்தப் பதினாலுல தனியா ஒரு பகுதி இருக்கு. பதினாறுல அது இந்த வகையப் பிரிக்காது, எல்லாக் கோரும் சேந்து கையால பிரிக்குது. தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாம், ஆனா இந்த வகைக்குப் புதுசா வந்த கார்டுதான் ஒத்துவரும். அது தனிச் செலவு. எல்லாரும் ரெண்டர்தான் கேக்குறாங்க, அதனால நானும் ரெண்டர்தான் சொல்றேன்.”

“கீழக்கரைக்காரருக்கு?”

“அவருக்குப் பதினாறுதான் சரி. அவர் பொழப்பே ரெண்டர். ஒரு வீட்டு வரைபடத்தப் படமாக்கப் போட்டுட்டு முடியுற வரைக்கும் முன்னாலயே உக்காந்திருப்பார்.”

“எனக்குப் பதினாலப் போடு” என்றாள் மாலதி. மிச்சப்பட்டதில் மெமரியைக் கூட்டிக்கொண்டாள், முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றும் வாங்கினாள். ஜவுளிக்கடைக்கு வரவில்லை என்று பஸ்ஸில் இருந்தே சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது மகிழ்ச்சியாக இல்லை. ஒரு வேலை குறைந்தது என்று மட்டும் இருந்தது.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம். தர்மராஜ் அனுப்பிய கல்யாணம், பெருங்குளத்துக் குடும்பம். திருத்தத்துக்குக் காலையில் ஆறு பேர் வந்தார்கள். மாமன் சீரைப் பார்த்தார்கள், பெண்ணின் சித்தியை இன்னும் கொஞ்சம் காட்டச் சொன்னார்கள், டீ குடித்தார்கள், மதியச் சோற்றுக்கு முன்னால் எழுந்து போய்விட்டார்கள். மாலதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அந்த அறை காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து ரெண்டரைப் போட்டாள். பகல் வெயிலில் கூரை தகித்தது, மெஷினின் காற்றாடி சீராக இரைந்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்தும் விட்டது. கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி.

தர்மராஜ் கூப்பிட்டார். “மாலதி, ரெண்டர் முடிஞ்சுதா? முடிஞ்சா சொல்லு, தேவிபட்டினம் கல்யாணம் ஒண்ணு இருக்கு. இன்னைக்கே டிஸ்க்கக் குடுத்து அனுப்புறேன்.”

முடிந்த வீடியோ திரையில் முதல் காட்சியோடு நின்றுகொண்டிருந்தது. பிள்ளையார் படம், மணமக்கள் பெயர். அவள் அதைப் பார்த்தாள். பதினைந்து வருடத்தில் ஒரு நாளும் அவள் வேலையில் பொய் சொன்னதில்லை.

“நாளைக்கு முடியும்ணே.”

“என்னத்தா இது, புது மெஷின் வாங்கியுமா?”

“வாங்கியும்தாண்ணே” என்றாள். போனை வைத்துவிட்டு மெஷினை அணைத்தாள். காற்றாடியின் இரைச்சல் நின்றதும் வெளியே ராமேஸ்வரம் ரயில் போகிற சத்தம் கேட்டது. முன்னறையில் பாயை விரித்து, தலையணை இல்லாமலே படுத்தாள். யோகேஸ்வரன் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, வெளிச்சம் இருக்கையிலேயே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.