மதாம் ராஜாம்பாள் வாசிக்கும் தேர்தல் செய்தி

"அருள்முருகன் அலை கரையத் தொட்டுடுச்சாம். இன்னும் எத்தினி அருள்முருகன இந்த நாடு தாங்கும்னு கேக்கறான்."

பாரிசின் இணையச் செய்தித் தளம் ஒன்றை மதாம் ராஜாம்பாள் உரக்கத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் அதே அருள்முருகன். மதாமின் மருமகன், திண்டிவனத்துக்காரர். ஐம்பது கிலோ தேறாத உடம்பை இன்னும் சுருக்கிக்கொள்கிறார்.

"நிமுந்து உக்காருங்க மாப்ள. ஒரு நாட்டையே முழுகடிக்கிற ஆளு நீங்க."

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் 2007 ஏப்ரலின் காலைகள் இப்படித்தான் போயின. பிரான்சில் அதிபர் தேர்தல். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரர்களுக்கும் அதில் ஓட்டு உண்டு. அந்நாட்டு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற, ஊர் வழக்கில் சொல்தா எனப்படும் பெரியவர்கள் செய்தி கேட்க வந்துவிடுவார்கள். கண் மங்கிய அவர்களுக்கு வாசித்துச் சொல்பவர் மதாம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். வாங்கிய பட்டத்தில் பிரெஞ்சு இல்லாததால் நானும் அவர் வாயைத்தான் பார்த்திருப்பேன்.

குடியேறிகள் என்ற சொல்லை மதாம் சொல்வதே இல்லை. அது வரும் இடத்திலெல்லாம் தெரிந்த ஒருவர் பெயரைப் போடுவார். மகள் பூர்ணிமா பாரிசில் ஓட்டல் வேலையில் இருக்கிறாள். அவளிடம் போய்ச் சேர அருள்முருகன் விசாவுக்குக் காத்திருந்தார். ஆகவே பெரும்பாலும் அவர் பெயர்தான். குடியேறிகளால் பள்ளிகளில் நெரிசல் என்று தளம் எழுதினால், "அருள்முருகனால பள்ளிக்கூடத்துல எடமில்லையாம். புருஷன் இங்க, பொண்டாட்டி அங்க. புள்ள எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்பார்.

என்னிடம் ஒருநாள் சொன்னார்: "மத்த மாசத்துல இவங்க பாத்திரம் கழுவுனா எவனும் எழுதமாட்டான் தம்பி. ஓட்டு வந்தா தலைப்புல ஏத்திடுவான்."

சொல்தா விஜயராகவனுக்கு இந்த வாசிப்பு பிடிக்காது. வெளியாட்களுக்குக் கதவை இறுக்கும் வேட்பாளருக்கே தன் ஓட்டு என்பவர் அவர்.

"அவன் சொல்றது வேற ஆளுங்கள மதாம். நாம பிரான்சுக்காரங்க. நடுவுல எம்பேர இழுத்துடாதீங்க."

"மெட்ரோவுல போலீசு நிறுத்துனா மொதல்ல எதப் பார்க்கறான் முசியே, பாஸ்போர்ட்டையா, மூஞ்சியையா?"

அவர் மீசையைத் தடவுவார். மதாம் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். கட்சிப் பேச்சு அவர் வாயில் வராது. ஒரு பெயரைப் போட்டதும் கொட்டை எழுத்துத் தலைப்பு ஒல்லியான ஓர் ஆளாகி நம் எதிரே உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான்.

ஓட்டுக்கு முந்தின வாரம் அருள்முருகனுக்கு விசா இல்லை என்று வந்துவிட்டது. மறுநாள் அவர் வரவில்லை. மதாம் வந்தார். தளத்தைத் திறந்தேன். ஒரு படம்: மழையில் குடியேற்ற அலுவலக வாசல், நீண்ட வரிசை, எல்லாம் முதுகுகள். மேலே தலைப்பு.

"இத்தினி..." என்று தொடங்கிய மதாம் நிறுத்திக்கொண்டார். பெயர் வரவில்லை. விசா சேதி தெருவுக்கே தெரியும்.

விஜயராகவன் செருமினார். "எம்பேரப் போட்டுப் படிங்க மதாம்."

மதாம் திரும்பி அவரைப் பார்த்தார். "மழை பெய்யுது முசியே. நனைஞ்சுடுவீங்க."

"நனைஞ்சா நனையறேன்."

திரையில் அந்த வரிசையின் கடைசி முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் விரலை ஊன்றி, மதாம் அவரை அங்கே நிற்க வைத்தார்.