போதும்னு சொல்லாத வேலை

இதைக் கட்டுக்கதைன்னு சொல்றவங்க, கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலை மேட்டுக்கு ஒரு காலையில ஏறி வரட்டும். அப்புறம் பேசலாம்லா.

குகனேஸ்வரன் எங்க எஸ்டேட்டு லயத்துப் பையன்தான். இப்ப கோலாலம்பூர்ல ரேடார் செயற்கைக்கோள் படம் பார்க்கிற வேலை. மேகம் மூடினாலும் அதுக்குத் தரை தெரியும். ஒரே போக்குல மலை மொத்தத்தையும் பார்த்துடும். திரும்பி வர்ற எதிரொலியைப் பல ஆண்டெனா தனித்தனியா வாங்கி அனுப்பும். கீழே கணினியில அதையெல்லாம் சேர்த்து, வேணுங்கிற பக்கம் காதைத் திருப்பிக்கலாம். அது சரியா கேக்குதான்னு சோதிக்க, மேட்டுல மூணு அலுமினியத் தகட்டை மூலை மாதிரி சேர்த்து நட்டு வச்சான். படத்துல அது பளிச்சுன்னு ஒரு புள்ளியா விழும். இலையும் தண்ணியும் தேங்கினா மங்கிடும்.

தொடைக்கிற வேலையைத் தாய்மாமன் சாம்பசிவத்துக்கிட்ட குடுத்திருந்தான். ஆயுசு பூரா கொழுந்து வெட்டின மனுசன். கங்காணி "போதும்"னு குரல் குடுக்காம கூடையை இறக்க மாட்டாரு.

அந்த வாரம் அடைமழை. குகன் போன் போட்டான்.

"நாளைக்குக் காலையில படம் எடுக்குது மாமா. ஒரு வாட்டி தொடைச்சிடுங்களேன்."

"சரிப்பா."

விடியறப்ப மேடு சரிஞ்சுடுச்சு. தொடைக்கப் போன மாமா உடம்பு கிடைச்சது. தகடு மண்ணுக்குள்ள போயிடுச்சு. சாவு வீட்டுல அத்தை நவமணி, "அந்த மழையில எதுக்குப் போனாரு?"ன்னு கேட்டு அழுதா. தான் போகச் சொன்னதைக் குகன் சொல்லல. மாமாவைக் கொன்னது நான்தான்னு அவனுக்குச் சோறு இறங்கல.

அடுத்த படம் வந்துச்சு.

அதே இடத்துல... புள்ளி.

அவ்வளவு அகலமா பார்க்கிற ரேடார்ல, வேற இடத்து எதிரொலி புகுந்து போலிப் புள்ளி விழுறது உண்டு. காதைத் திருப்பினா போலி மங்கிடும். திருப்பினான். மங்கல. மறுபடி திருப்பினான். அப்பவும் பளிச்சுன்னு... இப்பத்தான் தொடைச்ச மாதிரி.

அதுக்கடுத்த படத்துலயும் இருந்துச்சு.

காரை எடுத்துக்கிட்டு மேல வந்துட்டான். அத்தை வாசல்ல உக்காந்திருந்தா.

"தினம் காலையில ஆறே காலுக்குத் தாழ்ப்பாள் திறக்குதுப்பா. டக்... அப்புறம் செருப்புச் சத்தம், மேட்டுப் பக்கமா."

படம் எடுக்கிற நேரம் ஆறரை.

"நான்தான் அத்தை போகச் சொன்னேன்."

"தெரியும். சொல்லிட்டுத்தான் போனாரு. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்." கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. "போய்ப் போதும்னு சொல்லு. நீ சொல்லாம அவரு நிறுத்த மாட்டாரு."

மறுநாள் காலையில, சரிஞ்ச மேட்டுல ஒரே பனி. ஆறரை.

சரக்... சரக்...

தகட்டுல துணி தேய்க்கிற சத்தம். அவன் காலுக்குக் கீழேருந்து.

"மாமா... போதும் மாமா."

சத்தம் நின்னுச்சு.

அதுக்கப்புறம் வந்த படத்துல புள்ளி இல்ல.

பின்னால ரோட்டைச் சரி பண்ண மண்ணு வாரினாங்க. இருபதடி ஆழத்துல தகடு கிடைச்சது. நசுங்கிக் கிடந்துச்சு, ஆனா ஒரு பொட்டு மண்ணு ஒட்டல. உள்ள ஒரு துண்டு மடிச்சு வச்சிருந்துச்சு, ஈரமா.

அத்தை அதை வாங்கி விரிச்சுப் பார்த்தா.

மாமாவை எரிக்கிறப்ப, அவ கையால நெஞ்சுல போட்டு அனுப்பின துண்டு அது.