ஒரு வாளி கிழங்குத் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சமையலறை என்னுடையது. மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வருகிறவன், அன்றைக்கு மட்டும் கரண்டியும் கையுமாக வீட்டில் கத்துவேன். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்த்துப் பதினொரு மணிக்கு ஒரே சாப்பாடு. அதில் எனக்குப் பேர் வாங்கித் தந்தது ஹாஷ் பிரவுன். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, மசாலா சேர்த்து, தோசைக்கல்லில் மொறுமொறுவென்று சுட்டு எடுப்பது. "அதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீசு பேரு? கிழங்கு அடைன்னு சொன்னா எறங்காதா?" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். தட்டை முதலில் நீட்டுவதும் அவள்தான்.

சூட்சுமம் பிழிவதில் இருக்கிறது. பழைய வேட்டித் துணியில் கட்டி, கை வலிக்க முறுக்க வேண்டும். இல்லையென்றால் களி மாதிரி ஆகிவிடும். பிழிந்த தண்ணீர், சீவிய தோல், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் பின்வாசலில் இருக்கும் வாளிக்குப் போகும். பின்தெருவில் இருக்கிற அம்மா வந்து எடுத்துப் போவார். காட்டு வேலைக்குக் கூலிக்குப் போகிறவர், தனியாள். ஒரே ஒரு வெள்ளாடு வைத்திருந்தார். அது அப்போது நிறைசினை. "ரெண்டு குட்டி சார், தொட்டுப் பாருங்க" என்று ஒருநாள் என் கையைப் பிடித்து அதன் வயிற்றில் வைக்காத குறைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். ஒரு வாரமாகப் போனில் ஹாஷ் பிரவுன், ஹாஷ் பிரவுன் என்று நச்சரித்துவிட்டு வந்தவள். கூடையைப் பார்த்தால் முளைவிட்ட உருளைக்கிழங்கு இரண்டுதான் கிடக்கிறது. மனைவியிடம் கத்தினேன். கத்திக்கொண்டே வெளியே வந்தபோது, வாசலில் ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு. முந்தின நாள் சாயங்காலம் தியாகதுருகத்திலிருந்து வந்த என் மச்சினன் வைத்துவிட்டுப் போனது. எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மரவள்ளி விளையும் ஊரில் பிறந்தவனுக்குக் கிழங்கில் எது எது என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நான் கிழங்கு தின்று வளர்ந்தவன், கிழங்கு போட்டு வளர்ந்தவன் அல்ல. தள்ளுவண்டியில் வேகவைத்து விற்பதுதான் எனக்குத் தெரிந்த கிழங்கு.

தோலைச் சீவி, துருவி, பிழிந்தேன். பால் மாதிரி தண்ணீர் வந்தது. உருளைக்கிழங்கைவிட இது நன்றாகப் பிழிபடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, மிளகுத்தூள், கறிவேப்பிலை எல்லாம் போட்டுப் பிசைந்து வைத்தேன். வாளியை எடுக்க அந்த அம்மா வந்தார். "பொண்ணு வந்திருக்கா, இன்னிக்கு ஸ்பெஷல்" என்று பெருமையடித்துக்கொண்டேன். "நல்லா செஞ்சி குடுங்க சார்" என்று சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடலை எண்ணெயில் முதல் ஈடு பொன்னிறமாக வந்தது. உப்புப் பார்க்க ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். லேசாகக் கசந்தது. சோம்பு கருகிவிட்டது போல என்று நினைத்தேன். மகளின் தட்டில் இரண்டு வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து ஊதினாள்.

அப்போதுதான் பின்வாசல் கதவு படாரென்று திறந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வராத அந்த அம்மா, சேற்றுக் காலோடு ஓடிவந்து என் மகள் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். ஹாஷ் பிரவுன் சுவரில் போய் விழுந்தது. "துன்னாத பாப்பா! துன்னாத!"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டுக்குள் வந்து என் பெண்ணை அடிப்பதா? வாயைத் திறந்தேன்.

"அது மில்லு கிழங்கு சார்! வாளி அடில தோலப் பாத்தேன். ஆடு சாஞ்சிட்டுது. நொரை தள்ளுது. யாரு சாப்ட்டீங்க?"

நான் ஒரு துண்டு தின்றேன் என்றேன். "அக்கா, சாரு வாயில வெல்லத் தண்ணி ஊத்துங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் திரும்பி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் என்னைச் சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். ஒரு துண்டோடு நின்றதால் பயமில்லை என்றார் டாக்டர். மச்சினன் போனில் அலறினான். "அய்யோ மாமா! சின்னசேலத்துல ஜவ்வரிசி மில்லுக்கு மாவுச்சத்து பாக்க எடுத்துக்கினு போற கிழங்கு அது, அப்பறமா வந்து எடுத்துக்கலாம்னு வெச்சேன். கசப்பு ஜாஸ்தி, அவ்ளோவும் விஷம். அதப் போயி யாராவது துன்னுவாங்களா?"

வீட்டுக்குப் போகாமல் நேராகப் பின்தெருவுக்குப் போனேன். ஆடு செத்திருந்தது. உப்பிய வயிற்றின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். வேறு ஆடு வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். பிறகு வாங்கியும் கொடுத்தோம். அன்றைக்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இதுக்கும் வெல்லத் தண்ணி ஊத்தியிருந்தா..."

"அப்பவே ஊத்தியிருந்தா பொழச்சிருக்கும் சார். நான் திரும்பி வர்றதுக்குள்ள அடங்கிட்டுது. போன வருசம் பக்கத்து வூட்டு ஆடு பொழச்சிதே. வெல்லத்த கரைச்சி கையில வெச்சிக்கினுதான் இருந்தேன். அப்பதான் வாளில தோலு கண்ல பட்டுது."

"கைல இருந்தத ஊத்திட்டு வந்திருக்கலாமே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் இப்டி கேக்கறீங்க? பாப்பா துன்னுடும் இல்ல?"

கிழங்கின் விஷம்கூட என்னை அந்தக் கேள்வி மாதிரி உலுக்கவில்லை. அது என் ஆடாக இருந்து, அவர் வீட்டில் ஒரு பிள்ளை தட்டோடு உட்கார்ந்திருந்தால், நான் கையிலிருந்ததை ஆட்டின் வாயில் ஊற்றிவிட்டுத்தான் கிளம்பியிருப்பேன்.